ஆறாம் கட்டிலின் கொசுவலை

லாபிஸ் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் சோமசேகரம் அங்கே திரும்பியபோது மணி மூன்று. மழைக்கு வானம் கறுத்துக் கிடந்தது. தீ விபத்து விசாரணை முடிந்து மூன்று மாத லீவும் கழிந்திருந்தது. எரிந்த வார்டு இருந்த இடத்திலேயே புது வார்டு. புதுப் பலகை, புது அத்தாப்பு ஓலைக் கூரை. உள்ளே கால் வைத்ததும் பழைய புகை நெடி மூக்கில் ஏறியது.

"ஆறாம் கட்டில்ல மட்டும் யாரையும் போடலீங்கய்யா," என்றாள் புது ஆயா அங்கம்மா. "வலையச் சுருட்டிக் கட்டினா, அதுவா எறங்கிக்குது."

"காத்துக்கு விழுந்திருக்கும்," என்று எரிந்து விழுந்தார்.

தீப்பிடித்தால் நோயாளிகளை வெளியேற்ற மாதாமாதம் பழக வேண்டும் என்பது துரையின் உத்தரவு. தீ விபத்துக்கு முன் சோமசேகரம் பழக்கியது ஒரே நாள். அதுவும் பட்டப்பகலில், கொசுவலைகளைச் சுருட்டிக் கட்டியிருந்த நேரத்தில். அப்போதிருந்த ஆயா பேச்சியம்மாள் அன்றே கேட்டாள்.

"ஐயா, அந்தியில வலைய எறக்கி மெத்தைக்கு அடியில சொருகிடுறோம். அப்படி வச்சு இன்னொரு தடவை பழகிக்கலாங்களா?"

"ஒருக்காச் செய்தது போதும். போய் வேலையைப் பார்."

விளக்கு கவிழ்ந்தது அந்தியில்தான். ஏழு நோயாளிகள் எப்படியோ தப்பினார்கள். காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்த காளியம்மாவை ஆறாம் கட்டிலிலிருந்து தூக்கப் போன பேச்சியம்மாள், புகையில் சொருகலை உருவ முடியாமல் வலையைப் பிடித்து இழுக்க, அது இருவரையும் சுற்றிக்கொண்டது. இருவரும் வெளியே வரவேயில்லை.

விசாரணையில் சோமசேகரம் கூசாமல் சொன்னார்: "மாதாமாதம் பழக்கினேன். அவள்தான் பதறிவிட்டாள்." செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள்?

ணங்.

புது வார்டின் வாசலில், தீப்பிடித்தால் அடிக்கவென்று கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அருகே யாருமில்லை.

ணங்.

ஆறாம் வலை மெல்ல இறங்கியது. அதன் ஓரம் தானாக மெத்தைக்கு அடியில் நுழைந்தது. உள்ளேயிருந்து துணியைப் பிறாண்டும் சத்தம்.

"ஐயா... இன்னொரு தடவை."

அவர் தரையில் மடங்கி உட்கார்ந்து அழுதார். "பிழை என்ர, பேச்சி. துரையிட்ட உண்மையைச் சொல்லுறன்."

கொட்டும் மழையில் நனைந்துபோய்ச் சொன்னார். மாதக் கடைசியோடு வேலை போயிற்று. மிச்சமிருந்த நாளெல்லாம் அந்தியில் வலைகளை இறக்கிச் சொருகிவிட்டுத் தண்டவாளத்தை அடித்தார். முதல் நாள் ஒரே அமளி. அங்கம்மா வலையைக் கிழித்தாள், ஒரு கிழவர் கட்டிலோடு சாய்ந்தார். கடைசி நாளில், நூறு எண்ணுவதற்குள் வார்டிலிருந்த ஏழு நோயாளிகளும் முற்றத்தில் இருந்தார்கள்.

"எல்லாரும் வந்தாச்சுங்கய்யா!" அங்கம்மா பூரித்தாள்.

அவருக்கும் மனசு லேசாயிற்று. ஊருக்குப் புறப்படத் தன் பெட்டியை எடுக்க வார்டுக்குள் போனார்.

ஆறாம் கட்டில். காலிக் கட்டில்தானே என்று இத்தனை நாளும் அதை விட்டுவிட்டே பழகியிருக்கிறார்கள்.

வலை மூடியிருந்தது.

சொருகலை உருவினார். உள்ளே ஒருவருமில்லை. ஆனாலும் பழக்கியபடியே இரு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கினார்.

கனத்தது. இரண்டு பேருடைய கனம்.

தள்ளாடித் தள்ளாடி முற்றத்துக்குக் கொண்டுவந்து ஈரமண்ணில் இறக்கினார். கை லேசானது. அப்பாடா என்று மூச்சுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே ஆறாம் வலை மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா... இன்னொரு தடவை."

ணங்.