முப்பத்துமூன்று கவராயங்கள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பதிப்பகத்தின் மாடிக் கதவைத் திறந்தபோது, பக்க வடிவமைப்பாளருக்கு எரிச்சல் வந்ததே தவிர பயம் வரவில்லை. ஊரே உண்ட மயக்கத்தில் கிடக்கும் நேரத்தில் யாருக்குத்தான் வேலைக்கு வரப் பிடிக்கும்? பிழை திருத்துபவரையும் கூடவே இழுத்து வந்திருந்தாள். அவர் வேறு யாருமில்லை, அவள் கணவர்தான். இருபது வருடமாக வீட்டிலும் அவள் தப்புகளைத் திருத்திக்கொண்டிருப்பவர்.

சக்கைப்போடு போட்ட ஒரு மர்ம நாவலின் எட்டாம் பதிப்பு மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டும். கதை ஃப்ரீமேசன்களின் ரகசியச் சங்கத்தைப் பற்றியது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, முக்கோணத்துக்குள் ஒற்றைக் கண், சுவருக்குள் எதையோ வைத்துப் பூசி மூடிய ஓர் அறை. முப்பத்துமூன்று அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் அந்தச் சங்கத்தின் சின்னமான மூலைமட்டமும் கவராயமும். கவராயத்தின் கால்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் நெருங்கி, கடைசியில் ஒட்டிவிடும். அதுதான் அந்த அறையின் பூட்டு என்று வாசகர்கள் கண்டுபிடித்துக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். போன வருடம் இறந்துபோன எழுத்தாளரும் அதை மறுக்கவில்லை. "சின்னங்களில் கை வைக்காதீர்கள்" என்று அவர் கைப்பட எழுதிய சீட்டு இன்னும் கோப்பில் இருந்தது.

ஆனால் புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சாகும். இந்த முறை எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கியதில் நான்கு பக்கம் உபரியாக நின்றது. செத்தவர் எழுந்து வந்து சண்டையா போடப்போகிறார் என்று நினைத்தவள், அத்தனை சின்னங்களையும் ஒரே மூச்சில் அழித்தாள். பக்கங்கள் கச்சிதமாக அடங்கின.

பிறகு ஒப்புநோக்கும் வேலை. அவர் உள்ளறையில் உட்கார்ந்து பழைய பதிப்பை உரக்கப் படிப்பார். அவள் முன்னறையில் திரையைப் பார்த்துக்கொண்டே வருவாள். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் வாயால் சொல்பவர், சின்னம் வரும் இடத்தில் மட்டும் மேசையை மூன்று முறை தட்டுவார். சின்னத்தை எடுத்தாகிவிட்டது, இன்று தட்ட வேண்டாம் என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

முதல் அத்தியாயம் முடிந்தது.

டொக். டொக். டொக்.

பழக்கதோஷம் மனுஷரை விடாது போலிருக்கிறதே என்று கேலி செய்தாள். உள்ளிருந்து பதில் வந்தது.

"நான் தட்டலம்மா. நீதான் தட்டுறேன்னு நினைச்சேன்."

தெருவில் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று இருவருமே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அவர் தொடர்ந்து படித்தார். குரலில் மட்டும் பழைய தெம்பு இல்லை. எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. இந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தே பத்து வருடம் இருக்கும்.

இரண்டாம் அத்தியாயம் முடிந்தது.

மறுபடி மூன்று தட்டு. இந்த முறை அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரில். அந்தச் சுவருக்கு அப்பால் வெறும் ஆகாயம்தான்.

"ஏங்க, எந்திரிச்சு வந்துடுங்க."

நாற்காலி நகர்ந்தது. அவர் வரவில்லை. கிசுகிசுப்பாகக் குரல் மட்டும் வந்தது.

"சுவத்துல ஒரு கதவு இருக்கும்மா. திறந்துதான் கிடக்கு."

பாவி, பூட்டைக் கழற்றியது நான்தானே! அழித்ததை மீட்கும் விசையைப் படபடவென்று அழுத்தினாள். முப்பத்துமூன்று சின்னங்களும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

உள்ளே கனமான எதுவோ மூடிக்கொண்டது.

அப்பாடா என்று எழுந்து ஓடினாள்.

அறையில் யாரும் இல்லை.

மேசையில் புத்தகம் விரிந்து கிடந்தது. மேலே அவருடைய மூக்குக்கண்ணாடி. ஜன்னலில் கம்பி. அவளைத் தாண்டாமல் வெளியே போக வேறு வழி கிடையாது. சுவர் வெறும் சுவராக இருந்தது. அவர் அந்தப் பக்கம் கால் வைத்த நேரம் பார்த்து மூடிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. சுவரில் காதை வைத்தாள்.

"திறம்மா..."

கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அவ்வளவு சன்னமாகக் கேட்டது.

அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. என் மனுஷன் வந்தால் போதும், கூட எது வந்தாலும் வந்து தொலையட்டும். ஓடிப்போய் மறுபடி எல்லாச் சின்னங்களையும் அழித்தாள்.

திரும்பிப் பார்த்தபோது உள்ளறை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூள். அவள் பாய்ந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டார். கை சில்லிட்டிருந்தது. பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். கணினியைக்கூட அணைக்காமல் அவரை இழுத்துக்கொண்டு தடதடவென்று மாடிப்படியில் இறங்கினாள்.

கடைசிப் படியில் கால் வைக்கும்போது, மேலேயிருந்து அவர் குரல் மூச்சு வாங்கக் கூப்பிட்டது.

"ஏம்மா, யாரு கூடப் போற?"

அவள் கையைப் பற்றியிருந்த பிடி இறுகியது.