மயக்கம் கொடுக்காத கை

மயக்கத்தில் கிடந்த குழந்தையின் நாடி திடீரென்று எகிறியது. டாக்டர் முரளிதரன் தையல் ஊசியை வெளியே எடுத்ததும் இறங்கியது. மறுபடி குத்தினார். மறுபடி ஏறியது.

தரணிக்கு அது பிடிக்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் அவள்தான். பொருத்திக்கொண்டிருந்த புதுக் கைக்கு ரத்தம் ஓடவேண்டுமென்று ஏ.சி.யை அணைத்திருந்த தியேட்டரின் வெக்கையில், ஸ்பிரிட் வாடைக்கும் சூடேறிய ரப்பர் வாடைக்கும் நடுவே, மானிட்டரின் கீச்சொலியில் காதை வைத்தபடி காலையிலிருந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் திருப்பதி ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் கை மாற்றுவது முதல் தடவையாம். கீழே டிவிக்காரர்கள் மைக்கோடு நிற்கிறார்கள். நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படுத்திருப்பவள் அக்ஷயா. சத்தியவேட்டில் கரும்பு மிஷினில் இரண்டு கைகளையும் பறிகொடுத்தவள். "கொயந்தைக்கு வலிக்காம பாத்துக்கம்மா" என்று அவள் அம்மா கும்பிட்டபோது, தரணி வாக்குக் கொடுத்திருந்தாள்.

குழாய், வாயு, தோளில் போட்ட மரப்பு ஊசி, எல்லாம் சரியாகவே இருந்தன. அக்ஷயாவின் காது மடலைக் கிள்ளிப் பார்த்தாள். நாடி அசையவில்லை. கையுறை மாற்றிக்கொண்டு வந்து, புதுக் கையின் சுண்டுவிரலைக் கிள்ளினாள்.

எகிறியது.

எலும்பையும் ரத்தக் குழாயையும்தான் இணைத்திருந்தார்கள். நரம்பு ஒன்றுகூட இன்னும் சேரவில்லை.

அந்தக் கை, பலமனேர் ரோட்டில் லாரி அடித்து மூளைச்சாவு அடைந்த சின்னப் பையனுடையது. விடியற்காலையில் பக்கத்துத் தியேட்டரில் அவன் கைகளை எடுக்கும்போது, கத்தி பட்டதுமே நாடி ஏறியது. மயக்க வாயு திறக்கட்டுமா என்று தரணி கேட்டாள்.

முரளிதரன் சிரித்தார். "செத்தவனுக்கு இன்னாத்துக்கும்மா மயக்கம்? வலிக்குதுன்னு உங்கிட்ட வந்து சொன்னானா?"

அது மூளை செத்த பின்னும் வரும் தண்டுவடத்தின் வெறும் துள்ளல் என்று தரணியும் படித்திருக்கிறாள். ஆனாலும் கொஞ்சம் வாயு திறந்தால் இந்த ஆளின் அப்பன் வீட்டுச் சொத்தா கரைந்துவிடும்? அந்தச் சிரிப்பை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

"டாக்டர், நிறுத்துங்க. அந்தக் கைக்கு வலிக்குது."

"வெறும் கைக்கு எப்பிடிம்மா வலிக்கும்? மருந்த ஏத்து. டிவிக்காரங்க காத்துக்கினு கீறாங்க."

"ஏத்துனா பிரஷர் வியுந்துடும். கொயந்த தாங்காது."

ஊசி இறங்கியது. புதுக் கையின் விரல்கள் சுருண்டன. கீச்சொலி ஓட்டமாக ஓடியது. அக்ஷயாவின் சின்ன இதயம் இன்னும் எவ்வளவு நேரம் இப்படி அடித்துக்கொள்ளும்?

தரணி சிரிஞ்சில் மரப்பு மருந்தை எடுத்தாள். தோளில் போட்டதோடு சேர்த்து, அக்ஷயாவின் எடைக்கு இதுதான் எல்லை. இதற்குமேல் கொஞ்சம் போனாலும் இதயம் நின்றுவிடும். முரளிதரன் கத்தக் கத்த, புதுக் கையின் மணிக்கட்டில் முழுவதையும் செலுத்தினாள்.

நாடி இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

மானிட்டர் நிதானமாகக் கீச்சிட்டது.

முரளிதரன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மோனிகா, இன்னொரு கைய கொண்டா."

சுவரோரம் இருந்த ஐஸ் பெட்டியை நர்ஸ் மோனிகா திறந்தாள். மூடி அவள் கையிலிருந்து விழுந்தது. பின்னால் நகர்ந்தாள்.

"மேடம்..."

ஐஸ் சலசலத்தது. மெதுவாக. பிறகு வேகமாக.

தரணியின் கையில் சிரிஞ்ச் காலியாக இருந்தது.

பெட்டியின் விளிம்பை ஐந்து சின்ன விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன.