ஒலுவில் கற்களில் எடுத்த படங்கள்

படங்கள் ஹாட் டிஸ்க்குக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, கருங்கற்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி தக்சாயினியின் கண்ணில் பட்டது. காலையில் அந்த இடத்தில் யாரும் நின்றதாக அவளுக்கு நினைவில்லை.

ஒலுவிலில் கடல் அரித்த கரையைப் படமெடுக்க அவள் மட்டக்களப்பிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. போன வருடம் இப்படியொரு பயணத்தில் மெமரி காட் பழுதாகி, ஒரு கிழமை உழைப்பு அப்படியே போனது. அதிலிருந்து அறைக்கு வந்ததும் முதல் வேலை, லெப்டொப்பைத் திறந்து எல்லாவற்றையும் ஹாட் டிஸ்க்கில் பிரதி எடுப்பதுதான். சாய்ந்தமருதில் ஆசியா உம்மாவின் மேல்மாடி அறையில் தங்கியிருந்தாள். இன்று வேறு இடங்களிலும் படமெடுத்துவிட்டு அவள் வந்து சேர, அஸர் தொழுகைக்கான பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. தகரக் கூரையில் மழை சீராக விழ, கீழிருந்து மீன் பொரியும் வாசமும் ஈரச் சுவரின் பூஞ்சண வாடையும் ஒன்றாகக் கலந்து அறைக்குள் ஏறி வந்தன.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள்.

மஞ்சள் ஜெர்சி போட்ட ஒருவன். முதுகில் பதினொன்று. அவனைச் சுற்றி இரண்டு பேர். தூரத்துத் தோணியை அவள் தொடர்ந்து எடுத்த படங்களின் மூலையில் அவர்களும் விழுந்திருந்தார்கள். அடுத்த படத்தில் ஒருவன் இரும்புக் கம்பியை ஓங்கியிருந்தான். அதற்கடுத்ததில் மஞ்சள் ஜெர்சிக்காரன் முழங்காலில் நின்றான். பிறகு கம்பி அவன் நெற்றிக்குள் இறங்கியிருந்தது. பிறகு முகத்தில் ஒரு பக்கமே இல்லை. கடைசிப் படத்தில் இருவரும் அவனைக் கல்லிடுக்கில் திணித்து, மேலே இன்னொரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது.

நேரம் பத்து நாற்பத்திரண்டு.

அவள் ஓட்டோவுக்குத் திரும்பியது பதினொன்றரைக்கு. மணலில் கால் புதைய நடந்தவளிடமிருந்து ட்ரைபொட்டை வாங்கிக்கொண்டு ஒருவன் கூடவே வந்தான். மஞ்சள் ஜெர்சி. பதினொன்று. துவாயை நெற்றியும் ஒரு கன்னமும் மறைய இறுக்கிக் கட்டியிருந்தான். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு கதைப்பவனைப் போலக் கதைத்தான். தன்னையும் எடுத்தாளா என்று கேட்டான். பேச்சுக்கு ஓம் என்றாள். எங்கே தங்கியிருக்கிறாள் என்று கேட்டான். அதையும் சொன்னாள்.

கீழே கேற் திறந்தது.

ஆசியா உம்மாவின் குரல் படியேறி வந்தது. "புள்ள, போட்டோ பாக்க ஒரு ஆள் வந்திரிக்கார். பாவம், தலையில நல்லாக் காயம். இரிக்க வெச்சிரிக்கன்."

"உம்மா, நீங்க மேல வாங்க. கெதியா வாங்க."

"என்ன புள்ள?"

பதில் சொல்வதற்குள் ஒரு சத்தம். தேங்காய் உடைத்ததைப் போல. கனமான எதுவோ சீமெந்துத் தரையில் விழுந்தது. மீண்டும் அதே சத்தம். இன்னுமொரு தடவை. இப்போது ஈரமாக.

அவள் மேசையைக் கதவோடு தள்ளினாள். போனை எடுத்தாள். அவசரத்தில் இலக்கங்கள் பிழைத்தன. மழை. பொரிந்த மீன் கருகும் வாடை. வேறு எந்த அசைவுமில்லை.

பிறகு ஒரு முனகல்.

ஆசியா உம்மா. அறுபது வயது. வீட்டில் வேறு ஆளில்லை. இரவு காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டவர்.

மேசையை இழுத்தாள். கதவைத் திறந்தாள்.

படிக்கட்டின் பாதியில் ஆசியா உம்மா ஏறி வந்துகொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தார். முக்காடு நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. நெற்றி இருந்த இடத்தில் பள்ளம்.

"பயப்படாதீங்க புள்ள," என்றார், வாய் நிறைந்த இரத்தத்தோடு. "கொஞ்ச நேரந்தான் நோகும்."

ஒரு கண் தக்சாயினியை அன்போடு பார்த்தது. மற்றது கன்னத்துக்கு இறங்கித் தொங்கி, கோப்பைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.