மஞ்சள் ஜீப்பின் குரல்

மஞ்சள் ஜீப் வெடித்துச் சிதறிய பிறகும் அதன் டிரைவர் கத்திக்கொண்டே இருந்தான்.

"பாருங்க சார், வண்டி போயே போச்சு. டயர்கூட உருண்டு ஓடிடுச்சு. இவன் மட்டும் வாயை மூடவே மாட்டேங்கிறான்," என்று டீம் லீடர் பெண் சிரித்தாள்.

ஒலிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆபீசில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கேமில் கேட்கிற ஒவ்வொரு சத்தமும் அவர் கை பட்டது. பதினேழு வருஷத்துக்கு முன்னால், டிவியில் செருகி விளையாடுகிற பெட்டிக்காகச் செய்த கேம் இது. துப்பாக்கி கட்டிய வண்டிகள் ஒன்றையொன்று மோதித் தகர்க்கும். கடைசியில் ஓடுகிற வண்டி ஜெயிக்கும். இப்போது அதையே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். பழைய ஆட்களில் மிச்சம் அவர் ஒருவர்தான்.

அந்தப் பெட்டியில் இடமே கிடையாது. ஒவ்வொரு சத்தத்தையும் நகம் வெட்டுகிற மாதிரி வெட்டிப் போட வேண்டியிருந்தது. ஜீப் டிரைவரின் அலறலுக்குக் கிடைத்தது அரை செகண்ட். அந்த அரை செகண்டால்தான் அவருக்குப் பேர் வந்தது.

"இது நீங்களே கத்தினதாமே சார்? தொண்டை என்னத்துக்கு ஆச்சு!"

"மூணு நாள் உப்புத் தண்ணி கொப்புளிச்சேன்," என்றார். சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பொய். மகளின் பிறந்தநாளில் பிள்ளைகள் கேட்டார்கள் என்று அதே மாதிரி கத்திக்கூடக் காட்டியிருக்கிறார். கை தட்டினார்கள்.

அது அவர் குரல் இல்லை.

"எந்த ஃபைலம்மா போட்டே?"

"நீங்க கொடுத்த டிஸ்க்ல இருந்ததுதான் சார். கம்ப்யூட்டர்லதான் இடம் தாராளமா இருக்கே, கத்தல் ஆரம்பிக்கிற இடத்துல இருந்து அப்படியே போட்டுட்டேன். முழு ஃபைல் நாலு நிமிஷம் இருபது செகண்ட்."

அந்த முழுப் பதிவை, அரை செகண்டை வெட்டியெடுத்த அன்றைக்கே அவர் கையாலேயே அழித்துவிட்டார். டிஸ்கைக் கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை பார்த்திருந்தார். அதில் அரை செகண்ட்தான் இருந்தது.

"முழுசா கேட்டியா?"

"கத்தல் ஆரம்பிச்சதுல இருந்து பத்து செகண்ட்தான். ஏன் சார்?"

"கேக்காதே. நான் பாத்துக்கறேன்."

குரல் தடித்துவிட்டது. அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் ஒலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை, மணி நாலுதான் இருக்கும். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஆபீசில் வேறு யாரும் இல்லை. ஒலி அறையின் சுவரெல்லாம் பஞ்சு, தரையெல்லாம் கம்பளம், ஹாலைப் பார்த்த மாதிரி கனமான கண்ணாடி ஒன்று. உள்ளே கை தட்டினால் சத்தம் தட்டிய இடத்திலேயே செத்துப்போகும். எதுவும் திரும்பி வராத அந்த அறை அவருக்குப் பிடித்திருந்தது.

ஹெட்ஃபோனை மாட்டினார். ஓடவிட்டார்.

புறவழிச்சாலை. காய்ந்த இலைகள் உரசுகிற சத்தம், தூரத்தில் கியர் மாற்றும் லாரியின் முனகல். வண்டிகள் கடந்து போகிற சத்தத்தைப் பிடிக்கத்தான், நீளக் கம்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு அன்று உச்சி வெயிலில் நின்றிருந்தார். பிறகு பிரேக், தகரம், கண்ணாடி, ஒன்றன்மேல் ஒன்றாக. பிறகு அந்த அலறல். பிறகு சரளைக்கல்லில் ஓடி வருகிற காலடிகள். கேட்கிறவர்கள் காப்பாற்றத்தான் ஓடுகிறான் என்று நினைப்பார்கள். அந்தக் காலடி எங்கே நின்றது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நாலடி தூரத்தில். குரலைப் பிடிக்க அதுதான் தோதான தூரம்.

"தம்பி... கால் அடியில மாட்டிக்கிச்சு. அதைக் கீழ வெச்சுட்டு ஒரு கை கொடுப்பா."

அவருடைய அந்தக் காலத்து இளசான, பணிவான குரல் பதில் சொன்னது. "ஒரு நிமிஷம் அண்ணே."

"சரிப்பா."

அந்த மனிதர் காத்திருந்தார். அந்த ஒரு நிமிஷத்தை நம்பினார். நடுவில் அடக்க முடியாமல் இரண்டு தடவை கத்தினார். இளைஞனின் கையில் கம்பு ஆடவில்லை. பதிவுக் கருவியில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள், சிவப்புக் கோட்டைத் தொடாமல் அழகாக ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷமும் மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாதது அந்த விபத்தை அல்ல, அந்தச் சந்தோஷத்தை.

எங்கோ ஒரு பைக் வருகிற சத்தம் கேட்டதும் கருவியை நிறுத்திவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மைக்கோடு நிற்பதைப் பார்த்தால் என்ன சொல்வது? அந்த மனிதர் பிழைத்தாரா என்று தெரியாது. ஒரு மாதம் பேப்பரைத் தொடவில்லை. கண் வலி என்று மனைவியிடம் சொன்னார். அவளும் பாவம், சொட்டு மருந்து வாங்கி வந்து ஊற்றினாள்.

நாலு நிமிஷம் இருபது செகண்ட். கருவியை அணைக்கிற 'டக்'. ஹெட்ஃபோனைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

திரையில் பதிவு ஓடுவதைக் காட்டும் கோடு நிற்கவில்லை.

நாலு இருபத்தொன்று. இருபத்திரண்டு. அவருடைய வண்டி கிளம்பிப் போகிற சத்தம். பைக் நெருங்கி வந்தது. நிற்காமல் போனது. இலைகள் உரசின.

"தம்பி?"

இலைகள்.

"நிமிஷம் ஆயிடுச்சாப்பா?"

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நிறுத்துகிற பொத்தானை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். கோடு ஓடியது. "மன்னிச்சிடுங்க," என்றார், ஆளில்லாத அறையில். சொன்னது தனக்கே பொய்யாகக் கேட்டது. முகம் கூசி எரிந்தது.

"ஆயிடுச்சாப்பா?"

பிறகு ஒரு இழுபடுகிற சத்தம். சரளையில். அப்புறம் தாரில்.

கண்ணை மூடிக்கொண்டே ஒரு சத்தம் எந்த இடத்தில் எழுகிறது என்று சொல்லக்கூடியவர் அவர். இப்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெட்டவெளி. ஒரு பக்கம் சுவர். அப்புறம் குறுகலான மாடிப்படி. சத்தம் மேலே போய் முட்டித் திரும்புகிறது. ஒவ்வொரு படியாக. பதினொன்று. ஒரு திருப்பம். மறுபடி பதினொன்று.

இந்த ஆபீசின் படிகள்.

வழவழப்பான தரை. ஹாலின் ஏசி இரைச்சல். யாரோ டைப் அடிக்கிறார்கள். அந்தப் பெண்தான். பிறகு ஒலி அறைக் கதவின் ரப்பர் விளிம்பு விலகும் மூச்சுச் சத்தம்.

திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியே இருந்தது.

எதிரொலி நின்றுபோனது. சுத்தமாக. பஞ்சு. கம்பளம்.

இந்த அறை.

ஹெட்ஃபோனில் ஒரு மூச்சு கேட்டது. வேகமாக, இடது மூக்கில் சின்ன விசிலோடு. அவருடைய மூச்சு. கீழேயிருந்து பதிவாகிறது. நாலடி தூரம்.

மூன்றடி.

இரண்டு.

குனிந்து பார்க்க முடியவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அந்த முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தார். இப்போது எந்த முகத்தோடு பார்ப்பது? கண்ணைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார்.

அந்தப் பக்கம் டீம் லீடர் பெண் இரண்டு கப் காபியோடு நின்றிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில், தரையைப் பார்த்தாள். கப் சாய்ந்து சூடான காபி கையில் வழிந்தது. அது அவளுக்கு உறைக்கவில்லை. வாய் அகலமாகத் திறந்திருந்தது. கண்ணாடியைத் தாண்டி ஒரு சத்தமும் வரவில்லை.

அவள் பார்வை மெல்ல மேலே ஏறியது. அவர் கணுக்கால். முழங்கால். மடி. தோள்.

அவர் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இடது காதிலிருந்த ஹெட்ஃபோனை யாரோ பக்குவமாக விலக்கினார்கள்.