மதிலுக்குள் ஒரு மதிய விருந்து

டெலிபோன் அலறியது!

மருந்துக்கடைக்காரர் பாய்ந்து எடுத்தார்.

"சார், மத்திய சிறை ரெஸ்டாரண்ட்ல இருந்து பேசறோம். நாளைக்கு மதியம் ஒரு மணிக்கு உங்களுக்கு டேபிள் இருக்கு. செல்போன், கத்தி, ப்ளேடு எதுவும் கூடாது."

"மாத்திரை...?"

"நீங்க சாப்பிடறதுன்னா ஒண்ணு ரெண்டு கொண்டு வரலாம்."

ஒன்றே போதும்!

கைதிகள் சமைக்க, கைதிகள் பரிமாற, பெரிய மனிதர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து சாப்பிடும் இடம் அது. ஊரெல்லாம் அதே பேச்சு. தலைமைச் சமையல்காரன் அவருடைய மாப்பிள்ளை.

ஒரே மகளை மாத்திரை கொடுத்துக் கொன்றவன்! 'நான்தான்' என்று கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஆயுள் தண்டனை வாங்கியவன்.

'சட்டம் உனக்குச் சோறு போடுது. நான் வாய்க்கரிசி போடறேன்டா...'

மறுநாள்.

மூன்று இரும்புக் கதவுகள். மூன்று சோதனைகள். உள்ளே வெள்ளை விரிப்பு, பளபளக்கும் கண்ணாடி டம்ளர்கள், மெல்லிய வயலின் இசை. ஜன்னலில் மட்டும் கம்பி.

பரிமாற வந்தவனுக்கு முறுக்கு மீசை.

"நீ எதுக்குப்பா உள்ளே வந்தே?"

"பேங்க் கொள்ளை சார். அதான் கல்லாவுல உட்கார விடமாட்டேங்கறாங்க!"

காளான் சூப் வந்தது. மீசை நகர்ந்ததும் கேப்ஸ்யூலைத் திருகினார். வெள்ளைத் தூள்... ஒரே கலக்கு... மாயம்!

"மீசை! சமையல்காரரைக் கூப்பிடு. உப்பு சரியில்லை."

வந்தான். இளைத்துக் கறுத்திருந்தான். அவரைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"மாமா...! நல்லா இருக்கீங்களா?"

"பெத்த பொண்ணைப் பறிகொடுத்தவன் எப்படிடா நல்லா இருப்பான்? குடிச்சுப் பாரு!"

ஸ்பூனில் எடுத்தான். அவர் மேஜை மேல் குனிந்தார்.

"கடைசியா என்னடா சொன்னா? அப்பான்னு கூப்பிட்டிருப்பாளே..."

ஸ்பூன் நின்றது. அவன் கண்களில் நீர் கட்டியது.

"கூப்பிட்டா மாமா. 'அப்பாவுக்குக் கண்ணு சரியா தெரியலைங்க... அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தாமதம்! வார்த்தை வெளியே வந்துவிட்டது.

அவருக்குள் அந்த மாலை விரிந்தது. தலைவலி என்று கடைக்கு வந்த மகள். கண்புரை ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருந்தது. பார்வையெல்லாம் ஒரே மங்கல். பழகிய கைதானே என்று அலமாரியில் துழாவி எடுத்து, கவரில் போட்டு, 'தலைவலிக்கு' என்று எழுதிக் கொடுத்தது...

அவர்!

"அந்தக் கவர் எங்கேடா?"

"எரிச்சுட்டேன்."

"ஏன்டா...? ஏன்?"

"இல்லேன்னா போலீஸ் உங்க கடைக்கு வந்திருக்கும் மாமா. உங்க கையாலதான் அவ போனான்னு தெரிஞ்சா, நீங்க ஒரு நாள் தாங்குவீங்களா? ஆஸ்பத்திரி போற வழியில என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ணை மூடினா."

சொல்லிவிட்டு, ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனான்.

பளார்!

தட்டிவிட்டார். ஸ்பூன் பறந்தது. அடுத்த நொடி கிண்ணத்தைத் தன் வாய்க்குத் தூக்கினார்.

அவன் பாய்ந்து பிடுங்கிக் கவிழ்த்தான். விரிப்பெல்லாம் சூப்!

"சூப்புல என்ன மாமா போட்டீங்க...? வேண்டாம்! அவ கேட்டது இது ஒண்ணுதான் மாமா. நீங்க இருக்கணும்!"

"மாப்பிள்ளை..."

மூன்று வருஷம் கழித்து அந்த வார்த்தை வந்தது. அவன் தோளில் சரிந்து, குழந்தையைப் போலத் தேம்பினார். பக்கத்து மேஜைகளில் முள்கரண்டிகள் நின்றுவிட்டன.

ஜெயிலர் ஓடி வந்தார்.

"என்ன சார் ரகளை? சாப்பாடு பிடிக்கலையா?"

மருந்துக்கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் சேர்த்து, விலங்குக்கு நீட்டினார்.

"சாப்பாடு அமர்க்களம் சார்... அதான் தங்கிடலாம்னு பார்க்கறேன். புது ரூம் வேண்டாம், மாப்பிள்ளை காலி பண்றதே போதும்!"