பானைக்கூடத்து அப்பா

ஊரே ஊர் சுற்றக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமையில்தான் கடுகின் வீட்டில் எல்லாருக்கும் வேலை. அம்மாவுக்கு ஓட்டல் சமையலறையில் அன்று தலை நிமிர நேரமிருக்காது. அப்பா அருங்காட்சியகத்தில் காவலர். வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அவளையும் அங்கே கூட்டிக்கொண்டு போவார்.

கடுகு என்பது பட்டப்பெயர். ஆள் சிறிசு, பேச்சில் காரம். அதனால் கடுகு.

அப்பாவுக்குப் பானைக்கூடம். பழங்காலத்துப் பானைகளுக்கு நடுவே காலையில் நின்றால் மாலைவரை அங்கேதான். கூடத்தில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லாக் கூடங்களையும் ஒரே நேரத்தில் பூட்டுவார்கள், ஒரே நேரத்தில் திறப்பார்கள். அருங்காட்சியகத்தின் வார விடுமுறை நாளிலோ கட்டடமே பூட்டிக் கிடக்கும். அதனால், பின்கட்டடத்துக்குப் புதிதாக வந்த திமிங்கல எலும்புக்கூட்டை அப்பா இன்னும் பார்க்கவே இல்லை.

கடுகு பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்வாள்.

"அப்பா, அதோட தாடை நம்ம வீட்டு வாசக்கதவைவிடப் பெரிசு!"

"அப்போ அது வாயை மூடினா நாம எல்லாரும் உள்ளேதான்" என்பார் அப்பா. அதற்குள் யாராவது பானைப் பக்கம் கையை நீட்டுவார்கள். "தொடாதீங்க சார்!" என்று அங்கே திரும்பிவிடுவார்.

அந்த ஞாயிறு, திமிங்கலத்தின் கீழே ஒரு பையன் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றான். அடுத்து பூங்காவுக்குப் போகலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். கடுகு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூங்காகூட வேண்டாம். ஒரே ஒரு தடவை அப்பாவோடு கைகோத்து இந்தத் திமிங்கலத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

"என்ன கண்ணு, முகம் வாடிக் கிடக்கு?" என்று அந்தக் கூடத்தின் காவலர் அத்தை கேட்டார். கடுகு சொன்னாள்.

"என் கதையும் அதேதான். உங்கப்பா கூடத்துல விரல் நுனி அளவுக்கு ஒரு பானை இருக்காமே? வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. எனக்குத்தான் கொடுத்து வைக்கலை."

கடுகு சட்டென்று நிமிர்ந்தாள். "அத்தை! நீங்க அங்கே நின்னா, அப்பா இங்கே நிக்கலாம்ல?"

"நிக்கலாம். சாவிக்கொத்து ஒத்துக்கணுமே!"

சாவிக்கொத்து என்பது மேற்பார்வையாளர். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அவருடைய இடுப்புச் சாவிகள் அப்போதே தாழ்வாரத்தில் குலுங்கின. கடுகு ஓடிப்போய் வழியில் நின்றாள்.

"சார், கூடத்துல ஆள் இல்லாம இருக்கக் கூடாது. அதானே சட்டம்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அத்தையும் அப்பாவும் இடம் மாறிக்கட்டும் சார். ரெண்டு கூடத்துலயும் ஆள் இருப்பாங்க."

"யார் எங்கேன்னு காலையிலயே முடிவு பண்ணியாச்சு பாப்பா."

"நீங்க எல்லாக் கூடத்தையும் தினமும் பாக்கறீங்க சார். எங்கப்பா பானையை மட்டும்தான் பாக்கறார்."

அவர் மோவாயைச் சொறிந்தார். "சரி, அவங்க இங்கேயிருந்து அங்கே நடந்து போற நேரத்துல இந்தத் திமிங்கலத்தை யார் பாத்துக்கறது?"

கடுகு இதை யோசிக்கவில்லை. அவருடைய சாவிகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நீங்க நிக்க மாட்டீங்களா சார்?" என்றாள்.

சாவிகள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார் அவர். "எனக்கே வேலை குடுக்கறியா! போ, போ. மூடற வரைக்கும் மாறிக்கட்டும்."

அத்தை சின்னப் பானையைத் தேடி விரைந்தார். கடுகு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அப்பா பழக்க தோஷத்தில் வாசலோரமாக விறைப்பாக நின்றுகொண்டார்.

"அங்கே இல்லைப்பா! நடுவுல வாங்க!"

அப்பா வந்தார். அண்ணாந்தார். தொப்பி நழுவிக் கீழே விழுந்தது, அவர் குனியவில்லை. சொல்ல வேண்டும் என்று கடுகு சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போயிற்று. அப்பாவின் கை மட்டும் சூடாக அவள் கைக்குள் இருந்தது.

"இத்தனை நாளா நீ கொஞ்சம் கூட்டித்தான் சொல்றேன்னு நினைச்சேன்" என்றார் அப்பா.

"இப்போ?"

"ரொம்பக் குறைச்சுச் சொல்லியிருக்கே."

மூடும் மணி அடிக்கும்வரை இருவரும் அங்கேயே, திமிங்கலத்தின் கீழே, கைகோத்து நின்றார்கள்.