பிச்சிக்கொடிக்கு ஒரு மேடு

சேத்தூரில் அக்சா வீட்டு வாசலோரம் ஒரு பிச்சிக்கொடி நின்றது. நின்றது என்று சொல்வதைவிடப் படுத்துக் கிடந்தது என்று சொல்லலாம். இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

அதைக் கொடுத்தவள் ஈஸ்வரி. இருவரும் ராஜபாளையத்தில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. மடவார் வளாகம் பகுதியில் இருந்த ஈஸ்வரியின் பழைய வீட்டை இடித்தபோது, மாடிவரை ஏறியிருந்த பிச்சிக்கொடியும் போய்விட்டது. அதற்கு முன்பே அவள் சில கொப்புகளை ஒடித்துக்கொண்டு வந்தாள்.

"நல்லா வளத்துருட்டி" என்று அக்சாவிடம் கொடுத்துவிட்டு அழுதாள்.

மற்றக் கொப்புகள் அழுகிவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான். இதுவும் போனால் ஈஸ்வரியிடம் என்ன சொல்வது?

தண்ணீரின் அருமை தெரிந்த தெரு அது. வாடிய செடியைக் கண்டால் யாரும் சும்மா போக மாட்டார்கள். காலையில் அக்சா ஊற்றுவாள். பால் வாங்கப் போகும் பாண்டிதுரை மாமா ஊற்றுவார். எதிர்வீட்டுச் செல்லத்தாய் அத்தை செம்பும் கையுமாகவே வருவார்.

"பச்சப்புள்ள மாதிரி வாடுது பாரு. எம்புட்டுத் தாகமோ!"

ஊற்ற ஊற்றச் செடி இன்னும் வாடியது.

ஒரு மாலை மழை பெய்து ஓய்ந்தது. மேற்கே மலைமேல் மேகம் சோம்பலாகப் படுத்திருந்தது. அக்சா செடிக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றாள். களிமண் ஜில்லென்று இருந்தது. கண்ணை மூடினாள். தானும் ஒரு செடி என்று நினைத்துக்கொண்டாள். கால் விரல்கள் வேர்களாயின. வேர்கள் கீழே, கீழே போயின.

கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு மண் விரல்களை இறுக்கிப் பிடித்தது. காலை இழுத்தாள், வரவில்லை.

"அய்யோ, மூச்சு முட்டுதே!" என்றாள் செடியான அக்சா.

'சளக்' என்று காலை உருவினாள். கால் பதிந்த குழியில் தண்ணீர் வந்து நின்றது. மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது. மண் அதைக் குடிக்கவே இல்லை.

"அம்மா! செடிக்குத் தாகமில்ல. தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கு!"

"அப்ப என்னட்டி செய்ய?" என்றார் அம்மா கேத்ரின்.

அக்சா சுற்றிப் பார்த்தாள். குழாய் பதிக்கத் தோண்டிக் குவித்த மண்ணின்மேல் தும்பைச்செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அதே களிமண்தான். ஆனால் மேடு.

உடனே வேலை தொடங்கியது. மண்ணோடு மக்கிய சாணத்தையும் காய்ந்த மாவிலைகளையும் கலந்து, முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டினார்கள். செடியை மெல்லப் பெயர்த்து அதன்மேல் நட்டார்கள்.

மேடு ஆயிற்று. ஆனால் செல்லத்தாய் அத்தை செம்போடு வந்துகொண்டிருந்தாரே! ஊற்றாதீர்கள் என்றால் அத்தையின் முகம் வாடிவிடும். செடி வாடுவதைவிட அது மோசம்.

அக்சா ஓடிப்போய் ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தை, செடி குடிச்சிருச்சு. மைனாவுக்குத்தான் தாகம். இதுல ஊத்துறியளா?"

"மைனா ஒன்கிட்ட வந்து கேட்டுச்சாக்கும்?"

"ஆமா அத்தை, காலையில இருந்து கேக்கு."

அத்தை சிரித்தபடி சட்டியில் ஊற்றினார். மறுநாள் மாமாவும் அதில்தான் ஊற்றினார். மைனாக்கள் அதில் குளித்துக் கூத்தடித்தன.

ஐப்பசியில் அடைமழை பெய்தது. தண்ணீர் மேட்டின் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. செடி கால் நனையாத ராணிபோல நிமிர்ந்து நின்றது. மெல்ல மெல்ல ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது.

கோடை விடுமுறையில், ஒரு மாலை நேரத்தில் ஈஸ்வரி வந்தாள். வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி அக்சா, எங்க பழைய வீட்டு வாசம் வருது."

மொட்டுகள் அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தன. அக்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க புது வீட்டுக்கு ஒரு கொப்பு தாரேன். மேடு கட்ட நானே வாரேன்" என்றாள் பிறகு.

ஈஸ்வரி கண்ணைத் திறக்காமலே தலையாட்டினாள்.